ஏழாம் நம்பர் கம்பம்

உக்காருங்க மேடம். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இப்படி ஃபேனுக்கு நேரா வாங்க. காட்பாடியில இருந்து பஸ்ஸிலயா வந்தீங்க? ஒரு கேப்டன், டவுன் பஸ்ஸுல! எங்க காலத்துல கேப்டன் சாப் முடி வெட்டிக்கப் போனாலும் ஜீப்பு நிக்கும். தப்பா எடுத்துக்காதீங்க, சந்தோஷத்துல சொல்றேன். அதுலயும் நம்ம தமிழ்ப் பொண்ணு. நான் ஹிந்தியில திணற வேண்டியதில்ல பாருங்க.

யூனிட்டுக்கு அம்பது வருஷம், பழைய ஆளுங்களைக் கேட்டு புஸ்தகம் போடுறோம்னு லெட்டர் வந்தப்பவே நான் ரெடி. துப்பாக்கி சுட்டவன் கதையை நாடே எழுதும் மேடம். அவனுக்கு 'சுடு'ன்னு சேதி கொண்டு போனவன் கதையை யார் எழுதினாங்க? சிக்னல்ஸ்காரன்னு சொன்னா இந்த ஊர்ல இன்னும் சிலபேரு, ரோட்ல லைட்டு மாட்டுற வேலைன்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க. என் மாமனாரே அப்படித்தான் நினைச்சுப் பொண்ணு குடுத்தாரு.

போன் ரெக்கார்டு ஆகுதா? சரி. நாயக் தணிகாசலம், எக்ஸ்சேஞ்ச் ஆபரேட்டர், ரிட்டயர்டு. யூனிட் ஆரம்பிச்ச நாலாவது வருஷம் சேர்ந்தேன். அப்ப எங்க கிட்ட இருந்தது பழைய லாரி மூணு, கோவேறு கழுதை பதினொண்ணு, கம்பி சுத்தின உருளை எத்தனைன்னு கணக்கே கிடையாது. கழுதை முதுகுல உருளையைக் கட்டிடுவோம். அது மலை ஏற ஏற கம்பி தானா அவுந்துகிட்டே வரும். அப்படித்தான் லைன் போட்டோம். வெள்ளம் வந்தப்ப நாங்கதான் முதல் போன் குடுத்தோம். கலெக்டரே எங்க கூடாரத்துல வரிசையில நின்னு பேசினாரு. இதை எழுதிக்குங்க.

எழுதிட்டீங்களா? எங்க, ஒரு தடவை திரும்பப் படிங்க. பழக்கம் மேடம், கோவிச்சுக்காதீங்க. நாங்க சேதி சொன்னா, கேட்டவன் அதைத் திரும்பப் படிக்கணும். படிக்கிற வரைக்கும் சேதி போகலைன்னு அர்த்தம். கழுதை பதினொண்ணு, ஆமா, சரி.

காப்பி குடிங்க, ஆறிடும். கொண்டு வந்து வெச்சாளே, என் பொண்ணு கிரிஜா. பேங்க்ல இருக்கா, இன்னைக்கு லீவு. அவ பொறந்தப்ப நான் மலை மேல இருந்தேன். அதுக்கு வர்றேன்.

ஏசுபாதத்தைப் பத்தி கேக்கணும்னு லிஸ்ட்டுல எழுதி வெச்சிருக்கீங்க. இங்கேயிருந்தே தெரியுது, எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. யார் சொன்னா உங்களுக்கு? நாகர்கோவில் சுபேதாரா? 'பாறை'ன்னு சொல்லியிருப்பாரே. சொன்னாரா? வருஷா வருஷம் வேலூர்ல முன்னாள் ராணுவத்தார் கூட்டம் நடக்கும், அங்கேயும் அவனுக்கு அந்தப் பேருதான். 'வாய்யா பாறை, உக்காரு பாறை'. அவன் சிரிச்சுக்கிட்டே உக்காருவான்.

எங்க யூனிட்ல அவனை மாதிரி லைன்மேன் கிடையாது. நானும் அவனும் ஒரே நாள்ல ஆளெடுப்புல நின்னு, ஒரே ரயில்ல ட்ரெய்னிங் போனவங்க. எனக்குப் பேச்சு வரும்னு எக்ஸ்சேஞ்சுல போட்டாங்க. அவனுக்குப் பேச்சு வராது, கம்பி வரும். அவன் போட்ட ஜாயின்ட்டைக் கையில உருட்டிப் பாத்தா ஜாயின்ட்டுன்னே தெரியாது. லைன் செத்துப்போச்சுன்னா, தோள்ல டெலிபோன் பெட்டியை மாட்டிக்கிட்டு கிளம்பிடுவான். வழியில அங்கங்க நின்னு கம்பியில ரெண்டு ஊசியைக் குத்தி, கைப்பிடியைச் சுத்தி ரெண்டு பக்கமும் கூப்பிட்டுப் பாக்கணும். எந்தப் பக்கம் பேசலையோ அந்தப் பக்கம் ஃபால்ட்டு. அவ்வளவுதான் விஷயம். மத்தவனுங்க ஒரு பக்கம் பேசிட்டு ஊசியைப் பிடுங்கிடுவானுங்க. ஏசுபாதம் மாட்டான். முதல்ல தூரத்துல இருக்கிறவனைக் கூப்பிடுவான், அப்புறம்தான் பக்கத்துல இருக்கிறவனை. 'தூரமா இருக்கிறவன்தான் பாவம், அவனை முதல்ல விசாரிக்கணும்'னுவான்.

இன்னொரு வழக்கம் எங்க கம்பெனியில. அறுந்த இடத்தை வெட்டி எடுத்து ஒட்டுப் போட்டா, வெட்டின துண்டைப் பையில போட்டுக் கொண்டு வந்து ஹவில்தார் கிட்ட காட்டணும். இல்லேன்னா எவன் போனான், எவன் பாதி வழியில பீடி பிடிச்சுட்டுத் திரும்பினான்னு தெரியாதே. ஒரு விரல் நீளத் துண்டுதான். அதுதான் சாட்சி.

மேடம், ஒரு நிமிஷம். அந்தப் போனை நிறுத்திடுங்க. இதுவரைக்கும் சொன்னது புஸ்தகத்துக்கு. இனிமே சொல்றது உங்களுக்கு. ஏன் உங்க கிட்ட சொல்றேன்னு கேக்காதீங்க, முப்பத்தெட்டு வருஷமா யாரும் என்னை எதிர்ல உக்காத்தி வெச்சுக் கேக்கலை, அதனாலதான்னு வெச்சுக்குங்க.

இடம் பேரு வேண்டாம். வடக்கே, பனி. எங்க எக்ஸ்சேஞ்சு ஒரு பதுங்குகுழி. அதுல பத்து லைன் வந்து சேர்ற போர்டு ஒண்ணு. அங்கிருந்து எட்டு கிலோமீட்டர் மேல ஒரு போஸ்ட்டு, பன்னெண்டு பேர் காவல். போஸ்ட்டு வரைக்கும் இரும்புக் கம்பம் நட்டு, ஒண்ணு ரெண்டுன்னு பெயின்ட்ல நம்பர் போட்டு லைன் இழுத்தது ஏசுபாதம். மொத்தம் பதினோரு கம்பம், நடுவுல கம்பி பாறை மேலயே ஓடும். ரேடியோ செட்டு இருந்துச்சு, ஆனா அந்த வாரம் பூரா ரேடியோவைத் தொடக்கூடாதுன்னு உத்தரவு. மேல இருக்கிற பன்னெண்டு பேருக்கும் கீழ இருக்கிற எங்களுக்கும் அந்த ரெண்டு கம்பிதான் உறவு.

என் சம்சாரம் அப்ப நெறைமாசம். ஒரு எக்ஸ்சேஞ்சு இன்னொரு எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டு, அவன் அடுத்தவனைக் கூப்பிட்டு, இப்படியே ஆறேழு ஆபரேட்டர் கை மாத்தினா ஊர்ச் சேதி வந்துடும். சட்டப்படி தப்பு. எல்லாரும் செய்வோம். அன்னைக்குப் பகல் ஒரு மணிக்கு பிரிகேடு ஆபரேட்டர் கூப்பிட்டான், 'உனக்கு வீட்டுல இருந்து சேதி இருக்கு'ன்னு. ஆனா ஒரே இரைச்சல். பிரிகேடு லைன் மாட்டின திருகாணி தேஞ்சு போயிருந்துச்சு. நான் என்ன பண்ணேன், போஸ்ட்டு லைனோட ரெண்டு கம்பியையும் கழட்டிட்டு அந்த நல்ல திருகாணியில பிரிகேடு லைனை மாட்டினேன். அஞ்சு நிமிஷம்தானே! குரல் கணீர்னு வந்துச்சு. பொம்பளப் பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம்.

கிரிஜா, அந்தக் கதவைச் சாத்தும்மா, வெயில் அடிக்குது.

பழையபடி மாட்டினேன். சத்தியமா மாட்டினேன்னுதான் நினைச்சேன். பக்கத்துல இருந்தவனுங்க வந்து கட்டிப் பிடிக்கிறானுங்க, ஒருத்தன் வாயில சக்கரையை அள்ளிப் போடுறான். போஸ்ட்டு லைன்ல ஒரு கம்பியை மாட்டினேன். இன்னொண்ணு போர்டுக்குப் பின்னால, குளிருக்குத் தொங்க விட்டிருந்த கம்பளிக்கு உள்ள தொங்கிப் போச்சு.

ரெண்டு மணிக்கு மேஜர் சாப் போஸ்ட்டைக் கேட்டாரு. லைன் செத்துக் கிடக்கு. காத்து அடிச்சுக்கிட்டிருந்துச்சு, அறுந்திருக்கும்னு எல்லாரும் முடிவு பண்ணியாச்சு. ஏசுபாதம் கிளம்பிட்டான். ரெண்டு பேரா போகணும்னு விதி. அவன் ஜோடிக்குக் காய்ச்சல், தனியாவே போனான். காத்து வேகமா அடிக்கிறது ஏழாம் கம்பத்துகிட்டதான், அதனால வழியில எங்கேயும் நிக்காம நேரா அங்கே போனான். போறப்ப எக்ஸ்சேஞ்சுல தலையை நீட்டி, 'தணிகா, பொண்ணுக்கு என்ன பேரு வெக்கப் போறே?'ன்னு கேட்டான். 'நீ வந்ததும் சொல்றேன்டா'ன்னேன்.

மூணே கால் மணிக்கு பீடிப்பெட்டி கீழ விழுந்துச்சு. எடுக்கக் குனிஞ்சேன். கம்பி தொங்குது.

மாட்டினேன். கைப்பிடியைச் சுத்தினேன். போஸ்ட்டுல இருக்கிறவன் எடுத்து 'ஹாங் ஜீ'ங்கிறான்.  அப்பவே ஓடிப்போய் மேஜர் சாப் கிட்ட 'என் தப்பு'ன்னு சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்? சொந்த விஷயத்துக்காக ராணுவ லைனைக் கழட்டினவன்னு குவார்ட்டர் கார்டு லாக்கப்புல போட்டிருப்பாங்க. ஒரு மாசம். பதவிப் பட்டை போயிருக்கும். லீவு போயிருக்கும், பிள்ளை முகத்தை ஒரு வருஷம் கழிச்சுத்தான் பாத்திருப்பேன். இன்னைக்கு யோசிச்சா இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா? அன்னைக்குப் பெரிசா இருந்துச்சு.

மூணே முக்காலுக்கு போர்டுல போஸ்ட்டு லைன் மணி அடிச்சுது. எடுத்தா ஏசுபாதம். 'ஏழாம் நம்பர் கம்பத்துல இருந்து பேசுறேன். கேக்குதா?' பக்கத்துல நின்னு பேசற மாதிரி கேக்குது. 'உன் பக்கம் லைன் நல்லா இருக்கே தணிகா'ங்கிறான்.

அந்த நேரம் நான் சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. 'திரும்பி வாடா.' அவ்வளவுதான். ஆனா அவன் ஒண்ணும் செய்யாம திரும்பி வந்தா, லைன் எப்படிச் சரியாச்சுன்னு கேப்பாங்க. கேட்டா எக்ஸ்சேஞ்சுலதான் வந்து நிக்கும். அதனால நான் சொன்னேன், 'விட்டு விட்டு வருது ஏசுபாதம். மேல எங்கேயோ உரசுது. போய்ப் பாரு.'

எப்படியும் எங்கேயாவது ஒரு பழைய ஜாயின்ட்டு நைஞ்சிருக்கும், அதை வெட்டிப் புதுசா போட்டுத் துண்டைக் கொண்டு வந்துடுவான், கதை முடிஞ்சுதுன்னு கணக்குப் போட்டேன். அவன் போட்ட லைன்ல நைஞ்ச ஜாயின்ட்டு இருக்காதுன்னு அந்த நேரத்துக்குத் தோணலை. அவன் கொஞ்ச நேரம் பேசலை. காத்து மட்டும் கேட்டுச்சு. அப்புறம் 'சரி'ன்னுட்டு ஊசியைப் பிடுங்கிட்டான். அவன் பேசினதை நான் எக்ஸ்சேஞ்சு பதிவுப் புஸ்தகத்துல பதியலை. பதிஞ்சா மணி எழுதணும், மணி எழுதினா மாட்டிக்குவேன்.

நாலு மணிக்கெல்லாம் பனிக்காத்து இறங்கிடுச்சு. அவன் திரும்பி வந்தப்ப ஏழரை. பத்தாம் கம்பம் வரைக்கும் போயிருக்கான், அதுக்கு மேல கண்ணு தெரியலைன்னு கம்பியைப் பிடிச்சுக்கிட்டே இறங்கியிருக்கான். பூட்ஸைக் கழட்டினப்ப இடது கால்ல மூணு விரல் பனியில செத்து மெழுகு மாதிரி இருந்துச்சு. அப்புறம் ஆஸ்பத்திரியில எடுத்துட்டாங்க.

பையில துண்டு இல்ல.

ஹவில்தார் நல்ல மனுஷன். காதுல சொன்னாரு, 'ஸ்டோர்ல இருந்து விரல் நீளம் வெட்டித் தர்றேன், காட்டிட்டுப் போ'ன்னு. இவன், 'நல்ல கம்பியை எதுக்கு வெட்டணும்? லைன் நல்லா இருந்துச்சு'ன்னுட்டான். அப்படி ஒரு வெகுளி.

ஆஸ்பத்திரிக்கு அனுப்புறதுக்கு முன்னாடி மேஜர் சாப் எங்களை நிக்க வெச்சு விசாரிச்சாரு. பெரிய விசாரணை இல்ல, பத்து நிமிஷம். என்னைக் கேட்டாரு, 'வழியில இருந்து கூப்பிட்டானா?' நான் பதிவுப் புஸ்தகத்தைத் திறந்து காட்டி, 'பதிவு இல்ல சாப்'னேன். பாருங்க, கூப்பிடலைன்னு சொல்லலை. பதிவு இல்லைன்னுதான் சொன்னேன். அது உண்மைதானே. அப்புறம் அவனைக் கேட்டாரு. அவன் என்னைப் பாத்தான். 'லைன் நல்லா இருந்துச்சு சாப்'னான். திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னான். மேஜர் சாப் முடிவு பண்ணிட்டாரு, லைன் தானா சரியாயிருக்கு, இவன் எங்கேயோ பாறை மறைவுல உக்காந்துட்டு வந்திருக்கான்னு. நடக்கிறவனுக்கு விரல் போகாது, உக்காந்தவனுக்குத்தான் போகும்னு வேற சொன்னாரு. அவன் பேப்பர்ல சிவப்பு மையில எழுதினாங்க. அடுத்த மாசம் வர இருந்த லான்ஸ் நாயக் பட்டை வரலை. சிப்பாயா போனவன் சிப்பாயாவே வீட்டுக்கு வந்தான்.

நான் ஒண்ணும் செய்யாம இருந்துடலை மேடம். அதையும் சொல்லணும். ஆஸ்பத்திரியில போய்ப் பாத்தேன். கையைப் பிடிச்சுக்கிட்டு, 'நீ கூப்பிட்டதைப் பதிய மறந்துட்டேன்டா, மேஜர் முன்னாடி சொல்ல பயம், மன்னிச்சுக்கோ'ன்னு சொன்னேன். அந்த மட்டுக்கும் சொல்லிட்டேன். அவன் 'பரவால்ல விடு'ன்னான். 'பொண்ணுக்கு என்ன பேரு?'ன்னு கேட்டான். ஊருக்கு வந்தப்புறம் ஸ்கூல்ல வாட்ச்மேன் வேலை வாங்கிக் குடுத்தது நான்தான். அவன் கல்யாணத்தை முன்னால நின்னு நடத்தினது நான்தான். தெனம் நாலு மணிக்கு இங்கதான் காப்பி. என் பொண்ணுக்கு ஏசு மாமான்னா உசுரு. அவ பிறந்த நாளைக்கு ஒரு வருஷம் தவறாம பேக்கரியில இருந்து கேக்கு வாங்கிட்டு வந்துடுவான். வந்து உக்காந்து, என்னைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே, 'இவ பொறந்த அன்னைக்கு லைன் நல்லா இருந்துச்சு தணிகா'ம்பான். அதையே எத்தனை வருஷம் சொல்லுவே, புதுசா ஏதாவது சொல்லேன்டான்னு நான் கிண்டல் பண்ணுவேன். பாவம், அவனுக்குச் சூதுவாது தெரியாது. போஸ்ட்டுக்காரனைக் கேளுங்க சாப்னு அன்னைக்கே சொல்லியிருந்தா...

என்ன மேடம்?

இல்ல, கேளுங்க. பேனாவை வெச்சுட்டீங்க, ஏதோ கேக்க வந்தீங்க.

ஏழாம் கம்பத்துல இருந்து போஸ்ட்டை அவர் கூப்பிடலையான்னா?

கூப்பிட்டிருக்க மாட்டான். நான்தான் பேசிட்டேனே, அப்புறம் எதுக்கு... இருங்க. இருங்க, நான்தான் சொன்னேன், ரெண்டு பக்கமும் கூப்பிடாம ஊசியைப் பிடுங்க மாட்டான்னு. தூரமா இருக்கிறவனை முதல்ல கூப்பிடுவான். அப்போ என்னைக் கூப்பிடறதுக்கு முன்னாடியே போஸ்ட்டு அவன் கிட்ட பேசியிருக்கு. மேல நல்லா இருக்கு. கீழே நானும் பேசுறேன். அதனாலதான் 'உன் பக்கம்'னு சொன்னான். 'உன் பக்கம் லைன் நல்லா இருக்கே'ன்னான். மத்தப் பக்கம் பாத்தாச்சு, அது நல்லா இருக்கு, உன் பக்கமும் நல்லா இருக்கு, அப்புறம் ஃபால்ட்டு எங்கடான்னு என்னைக் கேட்டிருக்கான்.

நான் 'மேல போய்ப் பாரு'ன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசலை.

மேஜர் கேட்டப்ப, போஸ்ட்டை ஒரு வார்த்தை கேளுங்க சாப்னு சொல்லியிருந்தா அவன் தப்பிச்சிருப்பான். போஸ்ட்டுக்காரன் 'ஆமா, ஏழுல இருந்து பேசினான்'னு சொல்லியிருப்பான். அப்புறம் எல்லாரும் என் போர்டுக்குப் பின்னால வந்து நின்னிருப்பாங்க. அவனுக்கு அது தெரியாமலா இருக்கும்? கம்பி தெரிஞ்சவன் மேடம் அவன். நான் இத்தனை வருஷமா அவனுக்கு விவரம் பத்தாதுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். கூட்டத்துல அவனைப் பாறைன்னு கூப்பிட்டப்ப நானும் சேந்து சிரிச்சிருக்கேன். சிரிச்சேன் மேடம். அவன் என்னைத்தான் பாத்துக்கிட்டிருந்திருக்கான். வருஷா வருஷம் கேக்கு வாங்கிட்டு வந்து என் எதிர்ல உக்காந்து, இன்னைக்காவது சொல்லுவேனான்னு பாத்துட்டுப் போயிருக்கான்.

வெக்கமா இருக்கு. தண்ணி வேண்டாம். நான் நல்லாத்தான் இருக்கேன்.

மணி என்ன? நாலா?

அந்தச் சத்தம் கேக்குதா? இடது செருப்பு மட்டும் தரையில இழுக்கும். கேட்டைத் திறக்கிறான். கிரிஜா, ஏசு மாமாவுக்கும் காப்பி வெச்சிடு. நீயும் வந்து நில்லு இங்க. ஆமா, நீயும்தான்.

மேடம், போனை ஆன் பண்ணுங்க. நோட்டையும் எடுங்க. எழுதுங்க. அன்னைக்கு ஃபால்ட்டு லைன்ல இல்ல. எக்ஸ்சேஞ்சுல இருந்துச்சு. கம்பியைக் கழட்டினவன் ஆபரேட்டர் தணிகாசலம். சொந்த வேலைக்காகக் கழட்டினான். சிப்பாய் ஏசுபாதம் ஏழாம் நம்பர் கம்பத்துல இருந்து கூப்பிட்டான். ஆபரேட்டர் எல்லாம் தெரிஞ்சே அவனை மேல அனுப்பினான். அவன் எந்தப் பாறையிலயும் உக்காரலை. எழுதியாச்சா?

வா ஏசுபாதம். உள்ள வா. இல்ல, அந்த நாற்காலி ஆடும், என் நாற்காலியில உக்காரு. இவங்க நம்ம யூனிட்டு கேப்டன்.

மேடம், இப்போ திரும்பப் படிங்க. சத்தமா.